ஏர் எறங்குன வண்டி

உக்காருங்க தம்பி. உக்காரக் கூடாதுன்னு சொல்லலீங்க. பின்னாடி அத்தன சீட்டு காலியாக் கெடக்குது, அதையெல்லாம் உட்டுப்போட்டு நேரா எம்பக்கத்துல வந்து உக்கார்றீங்களே, அதனால கேட்டேன். முன்னாடி உக்காந்தா மலையில வாந்தி வராதுங்களா? சரிங்க, நம்பறேன்.

எதுவரைக்கும்? அட்டகட்டியா? அட்டகட்டியில யாரு ஊட்டுக்கு? பேரச் சொன்னாத் தெரியும். அந்த ஊர்ல எனக்குத் தெரியாத ஆளே கெடையாது. ஓ, கரண்டு ஆபீசுக்குப் புதுசா மாத்தலாகி வந்திருக்கீங்களா. புது ஆளுன்னா எனக்குத் தெரியாதுதான். அதுவும் தோதாத்தான் இருக்குது.

நேராவே கேட்டுப்போடறனுங்க. உங்கள அந்த டாக்டரம்மா அனுப்பி வச்சாங்களா?

எந்த டாக்டரம்மான்னு கேக்கறீங்க. நல்லாவே கேக்கறீங்க. பொள்ளாச்சியில, கீழ கண்ணாடிக் கடை, மாடியில மனநல மருத்துவம்னு போர்டு போட்டிருக்கும், அந்தம்மாதான். எங்கூட்டுக்காரிகிட்ட அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? "நீங்க கூடப் போகாதீங்க, அவரு தனியாவே பஸ்சுல போகட்டும், நான் பாத்துக்கறேன்"னாங்க. நான் பாத்துக்கறேன்னா என்னங்க அர்த்தம்? மாடியில உக்காந்துட்டு மலைய எப்படிப் பாப்பாங்க? ஆளப் போட்டுத்தான பாக்கோணும்? அன்னில இருந்து பக்கத்துல எவன் வந்து உக்காந்தாலும் எனக்கு ஒரு இதுதான்.

அனுப்பலீங்களா? சரி. அனுப்பியிருந்தாலும் குத்தமில்ல. உள்ளத உள்ளபடி சொல்றேன், கையில இருக்கற போன்ல எழுதிக்குங்க. எனக்குப் பயம் கெடையாது. மொதல்ல அத எழுதுங்க.

வெள்ளியங்கிரி டிரைவர்னு இந்த ரூட்ல யாரையாச்சும் கேட்டுப் பாருங்க. இருவது வருசத்துக்கு மேல இதே மலையில ஸ்டீயரிங் புடிச்சவன். ரோட்டு நடுவுல யானை நிக்கும், நான் லைட்ட அணைச்சுப்போட்டு அது நகர்ற வரைக்கும் பீடி குடிச்சுட்டு உக்காந்திருப்பேன். பயந்தாங்கொள்ளி செய்யற வேலையாங்க இது? இப்ப ஓட்டறான் பாருங்க, திருமூர்த்தின்னு பேரு. வளைவுக்கு முன்னாடியே கியர மாத்தோணும், இவன் வளைவுக்குள்ள போய்த் தேடுவான், வேணும்னா பாருங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவன் வண்டி, அவன் இஷ்டம்.

அப்பறம் நீ ஏன் ஓட்டலைன்னு கேப்பீங்க. மெடிக்கல் லீவு. எல்லாம் வண்டிக் கோளாறுனால வந்தது. சொல்றேன்.

பின்னாடி டிக்கெட் குடுத்துட்டு வர்றாரு பாருங்க, நரைச்ச தாடி. அவருதான் சாகுல் பாய். நான் இந்த ரூட்டுக்கு வந்ததுல இருந்து எனக்கு அவருதான் கண்டக்டரு. நடுவுல அவருக்குத் திருச்சி வண்டி குடுத்தாங்க, கோயம்புத்தூர் வண்டி குடுத்தாங்க, ஒண்ணுக்கும் போகல. எதுக்குப் போகலைன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மேல ஏதாச்சும் ஏலக்கா வியாபாரம் இருக்கும்னு நெனச்சுக்குவேன். அவருக்கு இன்னிக்கோட வேல முடியுது. இதுதான் கடேசி ட்ரிப்பு. முன்னாடி கண்ணாடியில மால தொங்குதே, அது அவருக்காக டெப்போவுல கட்டி உட்டது.

எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சுங்க. யாரு மொதல்ல ரிட்டயர்டு ஆனாலும் கடேசி ட்ரிப்பு நான் ஓட்டோணும், அவரு விசில் அடிக்கோணும், வால்பாறை ஸ்டாண்டுல ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கி ஒரு டீ குடிக்கோணும்னு. ஓட்டறது இல்லைன்னு ஆயிப்போச்சு. ஒண்ணாப் போயிச் சேர்றதாச்சும் நடக்குதான்னு பாக்கோணும். இன்னிக்கு உட்டா இன்னொரு நாள் கெடையாதுல்ல? அதுக்குத்தான் வந்தேன். டாக்டரம்மா சொன்னாங்கன்னு வரல. அதையும் எழுதிக்குங்க.

அவரு என்ன பண்ணுனாரு தெரியுங்களா? நான் ஏறி உக்காந்ததும் மெசின்ல ஒரு டிக்கெட்ட அடிச்சு என்ற கையில குடுத்துட்டுப் பின்னாடி போயிட்டாரு. இந்தா பாருங்க. வால்பாறை டிக்கெட். எங்கிட்டப் பாஸ் இருக்குது, டிரைவருக்கு எதுக்குங்க டிக்கெட்டு? நீ இனிமே பாசெஞ்சருடான்னு சொல்லாமச் சொல்றாரு. அதுவும் ஆழியாறுக்கு அடிக்கல, பாதி வழிக்கு அடிக்கல, அவரு காசப் போட்டு நேரா வால்பாறைக்கே அடிச்சிருக்கறாரு. எந்தக் குத்தலுக்கு அடிச்சாரோ.

ஆழியாறு வந்துருச்சு. சன்னல மூடாதீங்க. மூடாதீங்கன்னா மூடாதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, காத்து வரட்டுமேன்னுதான்.

அந்த முள்ளு தெரியுதுங்களா? திருமூர்த்தி ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி, வட்டமா. அக்கட்ட இருக்கறது வேகம். இக்கட்ட இருக்கறது. அதுதான் ஏரு. இந்த மாதிரி பெரிய வண்டிக்கெல்லாம் பிரேக்கு காத்துலதான் புடிக்கும். டேங்குல காத்து நெறஞ்சிருந்தா முள்ளு மேல நிக்கும். காத்து எறங்குனா முள்ளும் எறங்கும், முள்ளு எறங்குனா பிரேக்கு இல்ல. இப்ப மேலதான் நிக்குது. நான் ஏறுனதுல இருந்து பாத்துட்டேதான் வர்றேன்.

போன ஐப்பசி. நல்ல மழை. வண்டி நெறயச் சனம். அட்டகட்டி தாண்டி மேல ஒரு வளைவு வரும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். மேல இருந்து டீத்தூள் லாரி ஒண்ணு எறங்குச்சு. மலை ரோட்டு மொறைக்கு, எறங்கற வண்டிதான் நின்னு ஏறுற வண்டிக்கு வழி உடோணும். அவன் உடல. சரின்னு நான் பின்னாடி எடுத்தேன். பாய் எறங்கிப் பின்னாடி நின்னு, வா வான்னு விசில் அடிக்கறாரு.

அப்பத்தான் அது வந்துச்சு. நெஞ்ச ஒரு கை புடிச்சுப் பெசையுது. ரெண்டு கையும் மரத்துப்போச்சு, ஸ்டீயரிங் என்ற கையில இருக்குதா இல்லையான்னே தெரியல. காது அடைச்சுக்கிச்சு. பாய் விசிலு கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி கேக்குது. மூச்சு உள்ள போகுது, வெளிய வரமாட்டேங்குது. செத்தேன், என்னோட சேத்து இத்தன சனமும் செத்துதுன்னு நெனச்சேன். ஹேண்ட்பிரேக்க இழுத்துப்போட்டு, கதவத் தொறந்து குதிச்சு, மழையில போய் ரோட்டோரக் கல்லு மேல உக்காந்துட்டேன்.

சனம் கத்துது. டிரைவரு குடிச்சிருக்கறாருன்னு ஒருத்தன் சொல்றான். ரெண்டு பேரு சட்டையப் புடிக்க எறங்கிட்டானுக. பாய் ஓடி வந்து என்ற மூஞ்சியப் பாத்தாரு. ஒரு நிமிசம் பாத்தாரு. அப்பறம் வண்டிப் பக்கம் திரும்பி, சத்தமா, "ஏர் எறங்கிருச்சுங்க, பிரேக்கு புடிக்காது! டிரைவரு சுதாரிச்சு நிறுத்திட்டாரு, இல்லைன்னா எல்லாரும் பள்ளத்துல கெடந்திருப்போம்!"னாரு. அவ்வளவுதான், சனம் அடங்கிருச்சு. சட்டையப் புடிக்க வந்தவனே கும்பிட்டான். எஸ்டேட்டுக்காரம்மா ஒருத்தி அவ சால்வைய எடுத்து என்ற தலையில போர்த்தி உட்டா.

கேட்டுக்கிட்டீங்களா? ஏர் எறங்கிருச்சு. நான் சொல்லல. சாகுல் பாய் சொன்னது. அதயும் எழுதுங்க.

ஷெட்டுல பாத்துட்டு ஏரு நல்லாத்தான் இருக்குதுன்னுட்டானுக. எவன் ஒத்துக்குவான்? வேற வண்டி குடுத்தாங்க. அதுலயும் அதே எடத்துல ஏர் எறங்குச்சு. இன்னொரு வண்டி. அதுலயும். டெப்போவுல இருக்கற அத்தன வண்டியும் கோளாறுன்னு நான் சொன்னா, மெக்கானிக்கு என்னய ஒரு மாதிரியாப் பாக்கறான். மலையே வேண்டாம்டான்னு உடுமலை வண்டிக்கு மாத்திக்கிட்டேன். அங்க ரயில்வே பாலம் இருக்குது பாருங்க, அது மேல ஏறுனா எறங்குது. சரி, பாலம் இல்லாத ரூட்டாக் கேட்டேன். அதுல சிக்னல்ல நின்னா எறங்குது.

அப்பறம் ஒரு நாள் சலூன்ல, கழுத்துல துணியக் கட்டுன ஒடனே வந்துச்சு. சலூன்ல எங்க ஏருன்னு டாக்டரம்மாவும் இப்படித்தான் கேட்டாங்க. அது வேறங்க. அது கேஸு. வெறும் வயித்துல டீ குடிச்சிருந்தேன்.

அதுக்கப்பறம் சலூனுக்குப் போறதில்ல. எங்கூட்டுக்காரிதான் வெட்டி உடறா, அதான் தலை இப்படி இருக்குது. கல்யாண மண்டபம் எனக்கு ஆகறதில்ல, சத்தம். சினிமாவுக்குப் போறதில்ல, இப்ப எவன் நல்லா எடுக்கறான்? மச்சினன் ஊடு மாடியில, முட்டி வலி. பயம்னு ஒண்ணும் கெடையாது. ஊட்டுல இருக்கறது எனக்குப் புடிச்சுப்போச்சு. எங்கூட்டுக்காரி கோயிலுக்குப் போறேன்னு கெளம்புனா மட்டும் கொஞ்சம் கோவம் வரும். தனியா உட்டுட்டுப் போனா யாருக்குங்க கோவம் வராது?

இந்த வளைவெல்லாம் இனிமே வரிசையா வரும். உங்க மூஞ்சி வெளுத்திருக்குதே. வாந்தியா? முன்னாடி உக்காந்தா வராதுன்னீங்க. இந்தாங்க, இந்த எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க. திருப்பிக் குடுத்துரோணும். பழம், தண்ணி பாட்டில், மாத்திரை ஒண்ணும் எடுத்துட்டுப் போகக்கூடாது, வெறுங்கையோட போங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மத்ததெல்லாம் ஊட்டுல வச்சுட்டேன். பழத்த மட்டும் அவங்களுக்குத் தெரியாமக் கொண்டாந்தேன். போய்ச் சொல்லிப்போடாதீங்க.

நெஞ்சு டாக்டரையும் பாத்தனுங்க. படம் எடுத்தாங்க, ஓட உட்டாங்க, இருதயம் நல்லா இருக்குதுன்னாங்க. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஒடம்புலயும் இல்ல, வண்டியிலயும் ஷெட்டுக்காரன் இல்லைங்கறான், அப்ப எவனோ செய்வினை செஞ்சுட்டான். நேரா ஆனைமலைக்குப் போனேன். மாசாணியம்மன் சன்னதியில அந்தக் கல்லு இருக்குதுல்ல, கெடுதல் பண்ணுனவனுக்கு மொளகா அரைச்சுப் பூசறது. எவன் செஞ்சான்னு எனக்குத் தெரியாது. அதனால பேர் சொல்லல. "தாயே, எனக்கு இதப் பண்ணுனது எவனோ, அவன் துடிக்கோணும்"னு சொல்லி நல்லா அரைச்சுப் பூசிட்டு வந்தேன். கை ரெண்டு நாளைக்கு எரிஞ்சுச்சு.

மறுநாள்ல இருந்து எனக்கே ரெண்டு மடங்கா வந்துச்சுங்க. ஊட்டு வாசப்படி தாண்ட முடியல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. அம்மன் ஆளு மாத்திப்போட்டாளோ என்னமோ.

அப்பத்தான் பாய் வந்தாரு. "வெள்ளியங்கிரி, எனக்குக் கொஞ்ச நாளாத் தூக்கமே இல்ல, ஒரு டாக்டரப் பாக்கோணும், தொணைக்கு வா"ன்னாரு. நான் இல்லாம அவரு எங்கியும் போகமாட்டாரேன்னு, கண்ண மூடிட்டு ஆட்டோவுல போனேன். மாடி ஏறுனதும் போர்டப் பாக்கறேன், மனநலம். உள்ள கூப்படறாங்க, யாரு பேரச் சொல்லிக் கூப்பட்டாங்கங்கறீங்க? என்ற பேர. ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சிருக்கறாரு! எனக்கு எப்படி இருந்திருக்கும்? டெப்போவுக்குத் தெரிஞ்சா லைசென்சு போச்சு, பைத்தியக்காரப் பட்டம். ஒருவேள அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தாரோ, சின்ன வயசு டிரைவரு கூடப் போகலாம்னு ஆச வந்துருச்சோன்னுகூட நெனச்சேன்.

அந்தம்மா ஒரு ஊசி போடல. ஒரு சின்ன மாத்திரை எழுதுனாங்க, மத்ததெல்லாம் பேச்சு. வெறும் பேச்சு. "அது வந்தா என்னாகும்னு நெனைக்கறீங்க?"ன்னாங்க. செத்துருவேன்னேன். "இதுவரைக்கும் வந்தப்ப எல்லாம் என்னாச்சு?"ன்னாங்க. நக்கலான்னு பாத்தேன், மூஞ்சி நக்கலா இல்ல. "ஒடம்புக்குள்ள ஒரு அலாரம் தப்பா அடிக்குது. நீங்க எறங்கி ஓடறீங்க, ஓடுனதாலதான் தப்பிச்சோம்னு அது கத்துக்குது. அடுத்த தடவ இன்னும் சத்தமா அடிக்குது. ஓடாம உக்காந்து பாருங்க, ஏறும், ஏறி எறங்கிரும்"னாங்க. நான் தலையாட்டுனேன். நம்பல.

அடுத்த தடவ என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? வேகமா மூச்சு உடச் சொன்னாங்க. புஸ்சு புஸ்சுன்னு. சித்த நேரத்துல அதே மாதிரி கை மரத்துப்போச்சு, தலை சுத்துது, நெஞ்சு அடிச்சுக்குது. சுத்தற நாற்காலியில உக்கார வச்சுச் சுத்தி வேற உட்டாங்க. பீசக் குடுத்து வியாதிய வரவழைச்சுட்டு வந்தவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான். "பாத்தீங்களா, இங்க ஏரும் இல்ல, பள்ளமும் இல்ல, ஆனா அதேதான் வந்துச்சு, போயும் போச்சு"ங்கறாங்க. அந்த நாற்காலியிலயே ஏதோ வச்சிருக்கறாங்கன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு சந்தேகம்.

அதுகூடப் பொறுத்துக்கிட்டனுங்க. அன்னிக்கு ஒரு நாள் பாயையும் உள்ள கூப்பிட்டு, எனக்கு முன்னாடியே கேட்டாங்க. "அன்னிக்கு வண்டியில அந்த முள்ளு எங்க இருந்துச்சு?"

பாய் தரையப் பாத்தாரு. "மேலதாங்க இருந்துச்சு. நெறஞ்சுதான் இருந்துச்சு. சனம் இவன அடிச்சுரும்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். இவன் அதையே புடிச்சுக்குவான்னு தெரியாமப் போச்சு"ன்னாரு. சொல்லிப்போட்டு என்ற கையப் புடிக்க வந்தாரு. நான் உதறிட்டேன்.

அத்தன சனத்துக்கு முன்னாடி சொன்னது பொய்யா, அந்த ரூமுல சொன்னது பொய்யா? ஏதோ ஒண்ணு பொய்யில்ல? நான் பாத்துதான் நிறுத்துனேன், சனத்தக் காப்பாத்துனேன்னு அந்த ஒண்ண வச்சுத்தான் நான் ராத்திரி கண்ண மூடுவேன். அதயும் புடுங்கிட்டாரு. எனக்கு அங்கியே அழுக வந்துருச்சுங்க. அதுல இருந்து நான் அவருகிட்டப் பேசறதில்ல. ஊட்டுக்கு வருவாரு, எங்கூட்டுக்காரிகிட்டப் பேசிட்டுப் போவாரு. நான் டிவியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

பஸ்சுல ஏறி உக்காந்து பழகுங்கன்னாங்க. ஏறுனேன். மொத தடவ ஆழியாறுல எறங்கிட்டேன். பயத்துல இல்ல, அணையில தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு பாக்கோணும்னு தோணுச்சு. அடுத்த தடவ குரங்கருவி. அதுக்கு அடுத்த தடவ ஒம்பதாம் வளைவு, அங்க இருந்து பாத்தா அணை நல்லாத் தெரியும். "எப்படி இருந்துச்சு காட்சி?"ன்னாங்க டாக்டரம்மா. ஒரே மூடுபனி, ஒண்ணும் தெரியலைன்னேன். சிரிப்பாங்கன்னு பாத்தேன், சிரிக்கல. "போன தடவைக்கு இந்தத் தடவ மேல போயிருக்கீங்க"ன்னாங்க. இதுல என்ன சூழ்ச்சின்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். புடிபடல.

ஒம்பதாம் வளைவு தாண்டிருச்சா?

எப்பத் தாண்டுச்சு? நீங்க ஏன் சொல்லல?

இல்ல, ஒண்ணுமில்ல. பேசிட்டே இருங்க. நீங்க பேசுங்க. கரண்டு ஆபீஸ்ல என்ன வேலை? லைன்மேனா, கணக்கா? பேசாதீங்க, சித்த பேசாதீங்க. சன்னல் தொறந்துதான இருக்குது? காத்து ஏன் வரல? நெஞ்சு... சாதாரணமாத்தான். டீ குடிச்சேன், அதான். கேஸு.

ஏன் நிக்குது வண்டி? அட்டகட்டியா? கதவு தொறந்திருக்குது. ரெண்டே எட்டு. எறங்கிருவேன். எறங்கிட்டுக் கீழ போற வண்டியப் புடிச்சா... பாய் கதவுகிட்ட நிக்கறாரு பாருங்க. விசில வாயில வச்சிருக்கறாரு, ஊத மாட்டேங்கறாரு. என்னயத்தான் பாக்கறாரு. நான் எறங்குவேன்னு காத்துட்டு நிக்கறாரு. எறங்கோணும்னு நெனைக்கறாரா, வேண்டாம்னு நெனைக்கறாரா? மூஞ்சியப் பாத்தாத் தெரியல. இத்தன வருசம் பாத்த மூஞ்சி.

ஏம் பாய் நிக்கறீங்க? ரைட் சொல்லுங்க! சொல்லுங்கன்னா!

ஊதிட்டாரு. ரெண்டு விசில். கதவு சாத்திருச்சு. போச்சு. இனி எறங்க முடியாது.

வருது தம்பி. அன்னிக்கு மாதிரியே. கையி மரக்குது. எந்தக் கையி எதுன்னு தெரியல. ஏர் எறங்குது, சத்தம் கேக்குதா, புஸ்சுன்னு? அந்த முள்ளப் பாருங்க. எங்க நிக்குது? மேலயா? பொய் சொல்லாதீங்க. எனக்காகச் சொல்லாதீங்க, ஏற்கனவே ஒருத்தரு எனக்காகச் சொல்லித்தான் இத்தன பாடு. தள்ளுங்க, நானே பாக்கறேன்.

மேலதான் நிக்குது.

நெறஞ்சு நிக்குது. ஆனா வருதே. முள்ளு மேலயே நிக்குது, வருதே. இதுதான் அந்த வளைவு. பாறை. அந்தக் கல்லு, அதுலதான் உக்காந்தேன். மேலதான் நிக்குது. ஏறும், ஏறி எறங்கிரும்னாங்க. ஏறட்டும். வா. எவ்வளவு வேணாலும் வா. நான் எறங்கல. மூச்ச மெதுவா வெளிய... மெதுவா. பாறை போயிருச்சா? கல்லு போயிருச்சா?

சித்த இருங்க. மூச்சு வாங்கிக்கறேன்.

...

வேர்வையப் பாருங்க, சட்டை பூரா. குளிரடிக்குது. கவர்க்கல்லு வந்துட்டோம்ல, இங்க எப்பவும் மூடுபனிதான். இந்த மேகத்துல திருமூர்த்தி நல்லாத்தான் ஓட்டறான். கியரக் கொஞ்சம் தேடறான், மத்தபடி பரவால்ல.

அன்னிக்கும் முள்ளு மேலதான் நின்னிருக்கும்னு தோணுது. நான் பாக்கவே இல்ல. குதிச்ச வேகத்துல எங்க பாத்தேன்? அடிக்க வந்தவனுககிட்ட இருந்து என்னயக் காப்பாத்த, பாய் வாய்க்கு வந்தத... சரி, உடுங்க. இந்த வண்டி முள்ளு மேலயே சிக்கிட்டு நிக்குதோ என்னமோ, யாரு கண்டா. ஷெட்டுல ஒருக்கா பாக்கச் சொல்லோணும்.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே எறங்கிருச்சுன்னு நீங்க போய்ச் சொல்லுவீங்க. சொல்லுங்க. தினம் முழுங்கற அந்தச் சின்ன மாத்திரை வேலை செஞ்சிருக்கும். இல்லாட்டி எலுமிச்சம்பழம். பழம் எங்க? பாக்கெட்டுல இல்லையே.

உங்க கையிலயா இருக்குது? அப்ப இருந்து உங்க கையிலயா? அட.

ரொட்டிக்கடைங்கற ஊரும் தாண்டியாச்சு. இந்தத் தேயிலைக்காடெல்லாம் பாத்து எத்தன மாசமாச்சுங்க. அந்தா தெரியுது பாருங்க, தகரக் கூரை வரிசையா, அதுதான் வால்பாறை. வந்துட்டேன். பாய் இக்கட்ட வர்றாரு. மூஞ்சி ஏன் இப்படி இருக்குது அவருக்கு? கண்ணத் தொடைக்கறாரு. மூடுபனி கண்ணுக்கு ஆகாது அவருக்கு, அப்ப இருந்தே.

பாய், வண்டி நின்னதும் நேரா டீக்கடைதான். வேற யாருகூடவும் பேசிட்டு நிக்காதீங்க. நெம்ப நாளாச்சு.

தம்பி, இருங்க. நீங்க அட்டகட்டியிலதான எறங்கோணும்?

அட்டகட்டி அப்பவே போயிருச்சே. வண்டி நின்னுச்சே, கதவு தொறந்திருந்துச்சே, ஏன் எறங்கல? கையா? எந்தக் கை? ஓ. உங்க கையவா புடிச்சிருக்கறேன்? செவந்துபோச்சே. சும்மா இழுத்துட்டுப் போயிருந்தா நான் உட்டிருக்க மாட்டனா? மொத நாளு ஆபீசுக்குப் போற மனுசன், முன்னப் பின்ன தெரியாத ஒருத்தன் கையப் புடிச்சான்னு ஊரையே தாண்டி மேல வருவாரா? யாருகிட்டச் சொல்றீங்க கதை?

நான்தான் மொதல்லயே சொன்னனே, நீங்க அந்தம்மா ஆளுதான்னு. சரி, பரவால்ல, வாங்க, உங்களுக்கும் சேத்து மூணு டீ சொல்றேன். கீழ போற வண்டியில அட்டகட்டிக்கு ஏத்தி உடறேன். ஆனா அவங்ககிட்டப் போய்ச் சொல்றப்ப மறந்துராம முழுசாச் சொல்லோணும். பாயோட கடேசி ட்ரிப்பு, கதவு தொறந்துதான் இருந்துச்சு, வெள்ளியங்கிரி எறங்கலைன்னு.